முன்பல் உடைந்து வேர் மட்டும் நிற்கிறது: கிரவுனா, இம்ப்ளாண்டா?

குடந்தை நாயனம்

வணக்கம். கும்பகோணம் பக்கத்தில் நாதஸ்வரம் வாசிக்கிறேன். வயது 44. மேல்வரிசையில் நடுவில் இருக்கும் இரண்டு முன்பற்களில் இடது பக்கத்துப் பல் பற்றித்தான் கேட்க வேண்டும்.

பள்ளிக்கூடத்து நாளில் சைக்கிளிலிருந்து விழுந்து அடிபட்ட பல் அது. நாளாக நாளாகக் கறுத்துப்போனது. பிறகு ஒரு டாக்டர் வேர் சிகிச்சை செய்து மேலே கிரவுன், அதாவது பல் உறை, போட்டார். பல வருடம் ஒரு தொந்தரவும் இல்லை. போன மாதம் ஒரு வளைகாப்பு வீட்டில் கைமுறுக்கைக் கடித்தேன், கிரவுன் கையோடு வந்துவிட்டது. பார்த்தால் உள்ளேயிருந்த பல்லின் மிச்சமும் அதற்குள்ளேயே இருக்கிறது. இப்போது ஈறு மட்டத்தில் வட்டமாக வேர் மட்டும் தெரிகிறது. வலி இல்லை, சீழ் இல்லை, ஆட்டமும் இல்லை.

இரண்டு டாக்டர்களிடம் காட்டினேன். ஒருவர், "இதில் ஒன்றும் நிற்காது, வேரை எடுத்துவிட்டு இம்ப்ளாண்ட், அதாவது எலும்பில் திருகும் செயற்கை வேர், வைத்துவிடலாம்" என்று 48,000 சொன்னார். இன்னொருவர், "வேர் நன்றாக இருக்கிறது, உள்ளே ஒரு கம்பம் வைத்து மேலே கிரவுன் போடலாம், ஈறைக் கொஞ்சம் வெட்ட வேண்டியிருக்கும்" என்று 17,000 சொன்னார். இருவருமே படித்தவர்கள், இருவருமே பொறுமையாகப் பேசினார்கள். நான் யாரை நம்புவது?

என் தொழிலையும் சொல்லிவிடுகிறேன். நாயனத்தின் நுனியில் செருகும் சீவாளியை உதட்டால்தான் கவ்வுகிறோம், பல் படக் கூடாது. ஆனால் உதட்டுக்குப் பின்னால் பல் இருந்தால்தான் அந்தப் பிடி நிற்கும். இப்போது அந்த இடத்தில் மேலுதடு உள்ளே இறங்குகிறது. மேல் ஸ்தாயியில் பஞ்சமம் பிடிக்கும்போது ஓரத்தில் காற்று கசிகிறது. ஒரு ராகம் முடிவதற்குள் உதடு மரத்துப்போகிறது. வைகாசி, ஆனி முகூர்த்தங்களுக்கெல்லாம் முன்பணம் வாங்கியாயிற்று. ஆடியில் கல்யாணம் கிடையாது, கோயில் வேலை மட்டும். ஆவணியில் மறுபடி ஆரம்பித்துவிடும்.

சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். வெற்றிலை பாக்கு உண்டு, புகையிலையும் கொஞ்சம்.

இம்ப்ளாண்ட் ஆயுசுக்கும் நிற்கும், கிரவுன் அடுத்த முறுக்குக்கு மறுபடி வந்துவிடும் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். செய்துகொண்டவர்கள் சொல்லுங்கள்.

கோவை டீச்சர்

ஐயா, எனக்குக் கீழ்வரிசைக் கடைவாய்ப் பல்லில் இம்ப்ளாண்ட். டாக்டர் சீட்டில் 46 என்று எழுதுவார்களே, அந்தப் பல். வேரே நெடுக்காக விரிசல் விட்டுவிட்டது, அதனால் எனக்கு யோசிக்கவே வேலை இல்லை, எடுத்துத்தான் ஆக வேண்டும். வைத்த அன்று பயந்த அளவுக்கு வலி இல்லை. பல்லைப் பிடுங்கியதுதான் அதைவிட அதிகம் வலித்தது. எலும்பு பிடிக்க மூன்று மாதத்துக்கு மேல் காத்திருந்து அப்புறம் திருகின் மேல் பல் (கிரவுன்) போட்டார்கள். இப்போது வேர்க்கடலை, கரும்பு எல்லாம் மெல்லுகிறேன்.

இரண்டு விஷயம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஒன்று பணம். முதலில் சொன்ன தொகை திருகுக்கு மட்டும்தான். ஸ்கேன், எலும்புத்தூள், ஈறுக்கு வைக்கும் மூடி, மேல்பல் எல்லாம் தனித்தனியாக வந்து, கடைசியில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகிவிட்டது. உங்களிடம் சொன்ன 48,000-இல் என்னென்ன அடக்கம் என்று எழுதி வாங்குங்கள். இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் படுத்தால் தவிர, பல் வேலைக்குப் பெரும்பாலான பாலிசிகள் கொடுப்பதில்லை.

இன்னொன்று, இம்ப்ளாண்டுக்கும் பக்கத்துப் பல்லுக்கும் நடுவே சாப்பாடு சிக்குகிறது. முதல் வருடம் இல்லை, இப்போதுதான். கீரை சாப்பிட்டால் அன்று முழுவதும் நாக்கு அங்கேயே இருக்கும். சின்ன பிரஷ் ஒன்று கைப்பையிலேயே வைத்திருக்கிறேன்.

முன்பல்லைப் பற்றி எனக்குத் தெரியாது. பாடம் நடத்தும் எனக்கே முன்பல் போனால் ச, ஸ வராது, உங்களுக்குக் கேட்கவே வேண்டாம்.

திருவாரூர் கிழவன்

தம்பி, நானும் நாயனம்தான். இப்போது வாசிப்பதில்லை, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதோடு சரி. எனக்கும் இதே பல், இதே பக்கம். அந்தக் காலத்தில் இம்ப்ளாண்ட் எல்லாம் எங்கள் ஊரில் ஏது? பல்லைப் பிடுங்கிவிட்டு இரண்டு பக்கத்துப் பல்லையும் ராவி மூன்று பல்லாகப் பாலம் போட்டார்கள். இருபது நாளில் கச்சேரிக்குப் போய்விட்டேன். வாசிப்புக்கு ஒரு குறையும் இல்லை, அதை மறைக்கக் கூடாது. ஆனால் ராவிய இரண்டு பல்லும் நல்ல பல். பின்னாளில் ஒன்றில் உள்ளே சொத்தை விழுந்து, பாலத்தையே கழற்றி, அதற்கும் வேர் சிகிச்சை என்று போய்விட்டது. ஒரு பல்லுக்காக மூன்று பல்.

உனக்கு யாராவது பாலம் போடலாம் என்று சொன்னால், பக்கத்துப் பற்கள் ஏற்கெனவே பழுதாகி இருந்தால் ஒழிய வேண்டாம் என்பேன்.

இன்னொன்று. எந்த டாக்டரிடம் போனாலும் சீவாளியைக் கெண்டையோடு (அதைச் செருகும் உலோகக் குழல்) எடுத்துக்கொண்டு போ. வாயில் வைத்துக் காட்டு. நீ எங்கே கவ்வுகிறாய், உதடு எங்கே மடிகிறது என்று பார்க்காமல் அவர் பல்லின் நீளத்தையும் சாய்வையும் எப்படி வைப்பார்? எனக்குப் போட்ட பாலத்தில் பல் கொஞ்சம் முன்னால் தள்ளி இருந்தது. இரண்டு தடவை ராவிச் சரி பண்ணிய பிறகுதான் உதடு ஒத்துக்கொண்டது.

புகையிலையை விடு. இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

மதுரை பல் மருத்துவர்

நான் எம்டிஎஸ் (பல் மருத்துவ முதுநிலை), செயற்கைப் பல் பிரிவு. இம்ப்ளாண்டும் வைக்கிறேன், கிரவுனும் போடுகிறேன், எனக்கு இரண்டிலும் வருமானம்தான். அதனால் பாரபட்சம் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் அவசரமான விஷயம். வேர்க் குழாய் ஒரு மாதமாக வாயில் திறந்து கிடக்கிறது என்று புரிந்துகொள்கிறேன். வேர் சிகிச்சையில் உள்ளே அடைத்த பொருள் எச்சிலை ரொம்ப நாள் தாங்காது, கிருமி உள்ளே இறங்கும். எதைச் செய்வது என்று முடிவெடுக்கும் முன், இந்த வாரமே யாரிடமாவது போய்த் தற்காலிகமாக அடைத்துக்கொள்ளுங்கள். கிரவுன்தான் என்று முடிவானால் பழைய வேர் சிகிச்சையைப் பிரித்து மறுபடி செய்ய வேண்டியிருக்கும். 17,000-இல் அது உண்டா என்று கேளுங்கள்.

இனி உங்கள் கேள்வி. இம்ப்ளாண்டுக்கு மேலேயும் கிரவுன்தான் வரும். அதனால் நீங்கள் தேர்ந்தெடுக்கப் போவது மேல்பல்லை அல்ல, வேரை. உங்கள் சொந்த வேரா, டைட்டானியம் வேரா என்பதுதான் விஷயம். சொந்த வேர் நிற்குமா என்பதற்கு நாங்கள் பார்ப்பது முக்கியமாக மூன்று.

வேரில் நெடுக்கு விரிசல் இருக்கிறதா? இருந்தால் பேச்சே இல்லை, எடுக்க வேண்டும். ஈறுக்கும் வேருக்கும் நடுவே மெல்லிய அளவுகோலை விட்டுச் சுற்றிலும் பார்ப்போம். மற்ற இடத்தில் எல்லாம் 2, 3 மி.மீ. இறங்கி, ஒரே ஒரு புள்ளியில் மட்டும் சரேலென்று ஆழமாக இறங்கினால் சந்தேகம். ஈறில் சின்னக் கொப்புளம் வந்து வந்து போவதும் ஓர் அடையாளம். சாதாரண எக்ஸ்ரேயில் விரிசல் பல சமயம் தெரியாது. 3டி ஸ்கேன் உதவும், அதிலும் எல்லாமும் தெரிந்துவிடாது. சந்தேகம் தீராவிட்டால் ஈறைத் திறந்தோ மைக்ரோஸ்கோப்பிலோ பார்ப்பதுண்டு.

அடுத்தது, ஈறுக்கு மேலே நல்ல பல் எவ்வளவு மிச்சம்? இதில்தான் உங்கள் இரண்டு டாக்டர்களும் பிரிகிறார்கள் என்று நினைக்கிறேன். கிரவுனின் ஓரம் சுற்றிலும் 2 மி.மீ. அளவுக்காவது உறுதியான பல்லை இறுக்கிப் பிடிக்க வேண்டும், வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா அடிப்பது போல. அந்தப் பிடி இல்லாமல் வெறும் கம்பத்தை மட்டும் நம்பிப் போட்டால் கம்பம் பிடுங்கிக்கொண்டு வரும், அல்லது வேர் பிளக்கும். உங்களுக்கு ஈறு மட்டத்தில் உடைந்திருப்பதால் அந்தப் பிடியை உண்டாக்க வேண்டும். ஈறையும் எலும்பையும் கொஞ்சம் வெட்டி இறக்கலாம். கடைவாய்ப் பல்லில் அது நல்ல வழி. முன்பல்லில் நான் தயங்குவேன், ஏனென்றால் அந்த ஒரு பல் மட்டும் பக்கத்துப் பல்லைவிட நீளமாகத் தெரியும். இன்னொரு வழி இருக்கிறது, பலர் சொல்வதில்லை. வேரில் கொக்கி வைத்து, பக்கத்துப் பற்களில் ஒட்டிய கம்பியிலிருந்து மெல்ல வெளியே இழுப்பது. வாரத்துக்குச் சுமார் 1 மி.மீ. வரும். இழுத்த இடத்திலேயே சில வாரம் நிறுத்திவைத்துவிட்டுத்தான் கம்பமும் கிரவுனும்.

மூன்றாவது, வேரின் நீளம். மேல் நடு முன்பல்லின் வேர் சராசரியாக 13 மி.மீ. இழுத்த பிறகு எலும்புக்குள் மிஞ்சும் வேர், வெளியே வரப்போகும் பல்லின் நீளத்துக்கு ஏறக்குறையச் சமமாகவாவது இருக்க வேண்டும். வேர் குட்டை என்றால் இந்த வழி சரிப்படாது.

ஆயுசு பற்றி. டைட்டானியம் எலும்போடு ஒட்டும் என்பதைக் கண்டறிந்தவர் ஸ்வீடனின் பிரோனமார்க். 1965-இல் அவர் முதன்முதலாக இம்ப்ளாண்டுகள் வைத்த நோயாளிக்கு 40 ஆண்டுக்கு மேல், அந்த நோயாளி சாகும்வரை, அவை நின்றன. 10 ஆண்டு கழித்தும் இம்ப்ளாண்டுகளில் 90 சதவீதத்துக்கு மேல் வாயில் இருக்கின்றன. எல்லாம் உண்மை. ஆனால் வாயில் இருப்பது வேறு, தொந்தரவில்லாமல் இருப்பது வேறு. இம்ப்ளாண்டுக்குச் சொத்தை வராது, ஈறு நோய் வரும். அதைச் சுற்றி எலும்பு கரையும். அதற்கு வலி குறைவு என்பதால் ஆள் தாமதமாகத்தான் வருவார். சர்க்கரையும் புகையிலையும் அதை அதிகமாக்கும். உங்களிடம் இரண்டும் இருக்கின்றன. எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) எவ்வளவு? 7-க்குப் பக்கத்தில் கொண்டுவராமல் நான் கத்தி எடுக்க மாட்டேன்.

முன்பல் இம்ப்ளாண்டில் இன்னொரு சிக்கல், வேருக்கு முன்னால் உதட்டுப் பக்கம் இருக்கும் எலும்பு ரொம்ப மெல்லியது. பலருக்கு 1 மி.மீ. கூட இருக்காது. வேரை எடுத்ததும் அது கரைந்து உள்வாங்கும். எலும்புத்தூள் வைத்து ஈடு செய்கிறோம், பெரும்பாலும் நன்றாகவே வருகிறது. ஆனால் சிரிக்கும்போது ஈறு தெரியும் ஆள் என்றால் ஒரு மி.மீ. வித்தியாசம்கூடக் கண்ணில் படும்.

உங்கள் தொழிலுக்கு வருகிறேன். இம்ப்ளாண்ட் என்றால் மேல்தாடையில் எலும்பு பிடிக்க 4 முதல் 6 மாதம் வைத்துக்கொள்ளுங்கள். அன்றே தற்காலிகப் பல் வைத்துக் கொடுப்பதுண்டு, ஆனால் அதில் கடிக்கக் கூடாது, அழுத்தம் படக் கூடாது. நீங்களோ உதட்டால் மணிக்கணக்கில் அந்த இடத்தை அழுத்துகிறவர். தையல் ஆறும்வரை ஊதவே கூடாது, எலும்புத்தூள் வைத்தால் இன்னும் தள்ளிப்போகும். ஆடி ஒரு மாதத்துக்குள் முடிகிற வேலை இல்லை இது. புரட்டாசி, மார்கழி எல்லாம் கணக்குப் போட்டுத்தான் தொடங்க வேண்டும்.

நான் உங்கள் வாயைப் பார்க்கவில்லை. விரிசல் இல்லை, வேர் நீளம் என்றால், என் கை வேரைக் காப்பாற்றத்தான் போகும். கிரவுன் பத்து வருடம் கழித்துத் தோற்றால் அப்போதும் இம்ப்ளாண்ட் வைக்கலாம். எடுத்த வேரைத் திரும்ப வைக்க முடியாது. ஒரு நிபந்தனை: விரிசல் விட்ட, சீழ் வைத்த வேரைப் பாசத்தில் இழுத்துக்கொண்டே போகக் கூடாது. அது அந்த மெல்லிய எலும்பையும் தின்றுவிடும், பிறகு இம்ப்ளாண்டும் கஷ்டம்.

இது கேட்டவருக்கு இல்லை, படிக்கும் மற்றவர்களுக்கு: எலும்புப்புரைக்கோ புற்றுநோய்க்கோ ஜோலெட்ரானிக் ஊசி, அலெண்ட்ரோனேட் மாத்திரை எடுத்தவர்களும் தாடையில் கதிர்வீச்சு வாங்கியவர்களும் பல் எடுக்கும் முன்பே அதை டாக்டரிடம் சொல்லுங்கள். தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து இருக்கிறது.

குடந்தை நாயனம்

டாக்டர், ரொம்ப நன்றி. நேற்றே போய் அடைத்துக்கொண்டேன். எச்பிஏ1சி 7.8 வந்தது. இரண்டு சந்தேகம். வேரை இழுக்கும் கம்பி உதட்டில் உரசாதா? கம்பம் உலோகமா, வேறு ஏதாவதா? பெரியவர் சொன்னபடி சீவாளியை எடுத்துக்கொண்டு போகிறேன்.

மதுரை பல் மருத்துவர்

உரசும். மெழுகு தருவார்கள், பேசவும் சாப்பிடவும் அது போதும், வாசிப்புக்குப் போதாது. கம்பி இருக்கும் வாரங்களில் வாசிக்காதீர்கள். கடைசி முகூர்த்தத்தை முடித்துவிட்டுக் கம்பி போடச் சொல்லுங்கள்.

கம்பத்துக்கு நான் இப்போது பெரும்பாலும் ஃபைபர்தான் போடுகிறேன். அது தோற்றால் பெரும்பாலும் பசை விட்டுக் கழன்று வரும், மறுபடி ஒட்டலாம். உலோகக் கம்பம் உறுதிதான், ஆனால் தோற்கும்போது வேரையே பிளந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். குழாய் ரொம்ப அகலமாக இருந்தால் வார்ப்பு உலோகம் தேவைப்படலாம், அதைப் பார்க்கிறவர் சொல்லட்டும். எதுவானாலும் வேரின் நுனியில் 4, 5 மி.மீ. அடைப்பைத் தொடாமல் விட வேண்டும்.

இந்த வேலைக்கு வேர் சிகிச்சையில் எம்டிஎஸ் படித்தவரைப் பாருங்கள். செலவு யோசனை இருந்தால் சிதம்பரம் அண்ணாமலை நகரில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, உங்களுக்கு அது பக்கம்தான். எல்லாப் பிரிவும் ஒரே வளாகத்தில். முதுநிலை மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்வார்கள், நேரம் பிடிக்கும்.

சேலம் செராமிக்

நான் பல் லேபில் வேலை செய்கிறேன், கிரவுன் செய்வதுதான் தொழில். டாக்டர்கள் சொல்லாத மூன்றைச் சொல்கிறேன்.

எங்களுக்கு இருப்பதிலேயே கஷ்டமான வேலை ஒற்றை நடுப்பல். பக்கத்தில் இருக்கும் சொந்தப் பல்லோடு எல்லோரும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஆறு பல் சேர்த்துச் செய்வது இதைவிடச் சுலபம். நிறம் பார்ப்பதைப் பல் ஈரமாக இருக்கும்போது, பகல் வெளிச்சத்தில், வேலை தொடங்கும் முன்பே செய்யச் சொல்லுங்கள். வாயைத் திறந்து கொஞ்ச நேரம் வைத்திருந்தால் பல் காய்ந்து வெளுத்துவிடும், அந்த நிறத்தை எழுதி அனுப்பினால் நாங்கள் செய்யும் பல் வெள்ளைவெளேரென்று நிற்கும். உங்களுக்கு வெற்றிலைக் கறை வேறு. முதலில் பற்களைச் சுத்தம் செய்துவிட்டு அப்புறம் நிறம் பாருங்கள். பளபளப்பு ஏற்றும் முன் ஒரு தடவை வாயில் வைத்துப் பார்க்கக் கேளுங்கள், சீவாளியோடு. அந்த நிலையில் நுனியை ராவுவது எங்களுக்கு ஐந்து நிமிட வேலை.

வாரண்டி அட்டை. சிர்கோனியா என்ற வெள்ளைப் பீங்கான் கிரவுனுக்கு 10 வருடம், 15 வருடம் என்று கொடுப்பார்கள். அது கிரவுன் உடைந்தால் வேறு கிரவுன் தருவதற்கு மட்டும். உள்ளே பல் உடைந்தால், வேர் போனால் அட்டைக்கு வேலை இல்லை. உங்களுக்கு முறுக்கில் போனதும் கிரவுன் இல்லை, உள்ளே இருந்த பல்தானே.

இம்ப்ளாண்ட் வைத்துக்கொள்கிறவர்கள் கம்பெனி பெயர், விட்டம், நீளம், லாட் எண் உள்ள ஸ்டிக்கரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ராமன், நோபல், ஆஸ்டெம் என்று ஒவ்வொன்றுக்கும் உதிரிப் பாகம் வேறு, திருகு தலை வேறு. வேறு ஊரில் திருகு தளர்ந்தால் எந்தக் கம்பெனி என்று தெரியாமல் டாக்டரும் நாங்களும் எக்ஸ்ரேயைப் பார்த்து ஊகித்துக்கொண்டிருப்போம்.

கோவை டீச்சர்

ஐயோ, எனக்கு அந்த ஸ்டிக்கர் கொடுத்த ஞாபகமே இல்லை. நாளைக்கே போய்க் கேட்கிறேன்.

குடந்தை நாயனம்

கேட்டவர்களுக்காக நடந்ததை எழுதுகிறேன். தஞ்சாவூரில் வேர் சிகிச்சை நிபுணர் ஒருவரைப் பார்த்தேன். ஸ்கேனில் விரிசல் இல்லை, சுற்றிலும் அளவுகோல் எங்கேயும் ஆழமாக இறங்கவில்லை. வேர் 14 மி.மீ. அண்ணத்துப் பக்கம் 1.5 மி.மீ. நல்ல பல் இருக்கிறது, உதட்டுப் பக்கம் ஒன்றுமே இல்லை. ஈறை வெட்ட வேண்டாம், இழுத்துவிடலாம் என்று அவரும் சொன்னார். மறு வேர் சிகிச்சை, கம்பி, ஃபைபர் கம்பம், கிரவுன் எல்லாம் சேர்த்து 26,000, எழுதிக் கொடுத்தார். அதுவரை வாசிக்கப் பல் வைத்த, கழற்றி மாட்டும் தகடு ஒன்று. முதல் தகடு அண்ணத்தில் தடிமனாக இருந்து தம் பிடிக்கவே இடைஞ்சலாக இருந்தது, ராவிக் கொடுத்தார். இப்போது பஞ்சமத்தில் காற்று கசியவில்லை. மூச்சு மட்டும் முன்போல இல்லை, அது பழகிவிடும்.

சீவாளியைக் கவ்விக் காட்டியதும் அவர் தன் உதவியாளர்களையெல்லாம் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். அரை மணி நேரம் அங்கேயே ஆனந்தபைரவி.

ஆனி கடைசி முகூர்த்தம் முடிந்த மறுநாள் கம்பி. ஆடிப்பூரத்துக்குக் கோயிலில் தம்பி மகனை வாசிக்கச் சொல்லிவிட்டேன், நான் பக்கத்தில் தாளம் போட்டுக்கொண்டு நிற்பேன். ஆவணி முதல் இரண்டு முகூர்த்தத்துக்கும் தற்காலிகக் கிரவுனோடு போகலாம் என்கிறார் டாக்டர். புகையிலையை நிறுத்தியிருக்கிறேன். வெற்றிலை இன்னும் இருக்கிறது.